எந்த இழை அறுந்தது?

பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறது என் மாமா வீடு. வாசல் பதினைந்து அடி அகலம் இருந்தால் அதிகம். உள்ளே நுழைந்தால் வீடு போய்க்கொண்டே இருக்கும். திண்ணை, நடை, கூடம், அதைத் தாண்டித் தறி அறை, அப்புறம் சமையல்கட்டு, கடைசியில் கிணற்றடி. காஞ்சிபுரத்தில் நெசவாளர் வீடுகள் பலவும் இந்த வாகுதான். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டுவார்கள். உள்ளே குழித்தறியில் பகல் முழுக்க நாடா ஓடும். மாமாவுக்கு முழங்கால் வலி முற்றியதும் தறியைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். குழியை மூடி, மேலே டைல்ஸ் பதித்து, அவர் மகன் அந்த அறையைச் சினிமா பார்க்கும் அறையாக்கினான். ஒரு சுவரில் நூறு அங்குலத் திரை, எதிர்ச் சுவரோரம் கூரையில் புரொஜெக்டர். படம் தரும் பெட்டி கூடத்து ஷோகேஸில். இரண்டுக்கும் நடுவே சுவருக்குள் குழாயில் 15 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள்.

போன தீபாவளிக்கு அங்கே இருந்தேன். இரவுச் சாப்பாடு முடிந்து பதினாலு பேர் அந்த அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். படம் தொடங்கி அரைமணி நேரம் இருக்கும். இருட்டான காட்சி ஒன்றில் திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் மின்னி மறைந்தன, யாரோ ஜரிகைத் தூளை வாரி இறைத்த மாதிரி. அடுத்த நிமிடம் திரை கறுத்தது. இரண்டு விநாடி கழித்துப் படம் வந்தது. மறுபடி கறுத்தது. கதையின் முக்கியமான இடத்தில் மூன்றாம் தடவை போனபோது குழந்தைகள் கத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

“கேபிள் போயிடுச்சுண்ணா,” என்றான் மாமா மகன். “ஆன்லைன்ல ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். தங்க முலாம் போட்டது, விலை ஜாஸ்தி. அதைப் போட்டா சரியாயிடும்.”

மாமா ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். ஐம்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். “எந்த இழை அறுந்ததுன்னு பாக்காம பாவையே மாத்துவியாடா?” என்றார்.

நீளமான எச்டிஎம்ஐ கேபிளில் படம் விட்டுவிட்டு வந்தால் யாரிடம் கேட்டாலும் ‘கேபிள் சரியில்லை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். மாமாவின் கேள்விதான் சரியான கேள்வி. அந்தக் கறுப்புத் தோலுக்குள் வெவ்வேறு வேலை செய்யும் இழைகள் இருக்கின்றன. எது தடுமாறுகிறதோ அதற்கேற்பத் திரையில் தெரியும் கோளாறும் மாறும்.

வீட்டில் வீணாய்ப்போன எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று இருந்தால் பிளேடால் தோலைக் கீறிப் பாருங்கள். முதலில் மெல்லிய உலோகக் கம்பிகளால் பின்னிய வலை வரும். அதை ஒதுக்கினால் அலுமினியத் தாள். அதையும் பிரித்தால் தாள் சுற்றிய நான்கு சிறு கட்டுகளும், சுற்று எதுவும் இல்லாத சில வண்ணக் கம்பிகளும் தெரியும். ஒவ்வொரு கட்டுக்குள்ளும் ஒரு ஜோடிக் கம்பி, கூடவே காப்புக்கு ஒரு வெற்றுக் கம்பி. நான்கு கட்டுக்கு மூன்று மூன்றாகப் பன்னிரண்டு. வெளியே இருப்பவை ஏழு. மொத்தம் 19. கேபிள் முனையில் உள்ள 19 தொடுமுனைகளின் கணக்கு இதுதான்.

கட்டுக்குள் இருப்பவை வேக இழைகள். மூன்று ஜோடிகள் சிவப்பு, பச்சை, நீலம் என்று படத்தைச் சுமக்கின்றன. நான்காவது ஜோடி தாளம் போடுகிறது. எந்தக் கணத்தில் எந்தக் குறியைப் படிக்கவேண்டும் என்று புரொஜெக்டருக்குச் சொல்லும் கடிகாரம் அது. கோர்வைப் புடவை நெய்யும்போது உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று என மூன்று நாடா ஓடும். நெய்பவரும் எதிர்க்கரையில் உதவிக்கு இருப்பவரும் ஒரே தாளத்தில் போனால்தான் கரை உடலோடு பல்லுப் பல்லாகச் சேரும். அதே ஒழுங்கு இங்கேயும் வேண்டும். வெளியே இருக்கும் ஏழும் மெதுவான இழைகள். அவற்றின் கதைக்குப் பிறகு வருகிறேன்.

வேகம் என்றால் எவ்வளவு வேகம்? விநாடிக்கு 60 சட்டகம் கொண்ட 1080பி படத்துக்கு ஒவ்வொரு ஜோடியிலும் விநாடிக்கு 148.5 கோடி குறிகள் போகின்றன. அதே 60 சட்டகம் 4கேயில் என்றால் 594 கோடி. சரியாக நான்கு மடங்கு. கம்பிக்குள் மின் அலை ஒரு நானோ விநாடியில், அதாவது விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், சுமார் 20 சென்டிமீட்டர் போகும். கணக்குப் போட்டால் 4கேயில் ஒரு குறியின் நீளம் கேபிளுக்குள் ஏறக்குறைய 3.4 சென்டிமீட்டர். இது எனக்கு எப்போதும் வியப்பைத் தருகிற விஷயம். கண்ணுக்குத் தெரியாத மின்சாரக் குறியைக் கட்டைவிரலால் அளந்துவிடலாம். மாமா வீட்டு 15 மீட்டர் கேபிளில் ஒவ்வொரு ஜோடியிலும் ஒரே நேரத்தில் 440 குறிகள் வரிசைகட்டி ஓடிக்கொண்டிருந்தன. ஜோடியின் இரண்டு கம்பிகளில் ஒன்று மற்றதைவிடச் சில மில்லிமீட்டர் நீண்டுவிட்டாலே குறியின் முன்முனையும் பின்முனையும் குழம்பத் தொடங்கும். பாவில் ஒரு இழை தொய்ந்தால் துணியில் என்ன ஆகும் என்று தறிக்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை.

இந்த வேகத்தில் தாமிரம் வேறு பொருளாகிவிடுகிறது. நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கம்பியின் முழுத் தடிமனிலும் பரவி ஓடும். அலைவெண் ஏற ஏற அது உள்ளே நுழையாமல் தோலோடு ஒட்டிக்கொண்டு ஓடும். 4கே குறிகளின் அலைவெண்ணான சுமார் 300 கோடி ஹெர்ட்ஸில் அந்தத் தோலின் கனம் 1.2 மைக்ரோமீட்டர்தான். தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் கீழ். அரை மில்லிமீட்டர் கம்பியில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குத் தாமிரம் சும்மா இருக்கிறது. மிச்சமுள்ள ஒரு பங்கு மட்டுமே வேலை செய்கிறது.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது புரியாத சங்கதி இல்லை. தமிழ்நாடு அரசின் ஜரிகை ஆலையே இந்த ஊரில்தான் இருக்கிறது. ஜரிகையின் நடுவே இருப்பது பட்டு நூல். அதன்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்கும் மேலே தங்க முலாம். வெளிச்சம் பட்டு மின்னுவது மேல்தோல் மட்டும். கேபிள் செய்பவர்களும் இதே உத்தியைப் பிடித்துக்கொண்டார்கள். உயர்ந்த ரகக் கேபிள்கள் சிலவற்றில் தாமிரக் கம்பிக்கு மேலே வெள்ளிப் பூச்சு இருக்கும். வெள்ளி தாமிரத்தைவிட ஐந்தாறு சதவீதம் நன்றாக மின்சாரம் கடத்தும். ஓட்டம் தோலில்தான் என்றான பிறகு நல்ல உலோகத்தைத் தோலில் வைத்தால் போதுமே.

அப்படியானால் மாமா மகன் பார்த்துவைத்த தங்க முலாம்? தங்கம் மின்சாரம் கடத்துவதில் தாமிரத்துக்கும் கீழே. முனையில் அது இருப்பதற்குக் காரணம் கறுக்காது, களிம்பு ஏறாது என்பதுதான். ஜரிகையிலும் தங்கம் வெள்ளியைக் கறுக்காமல் காக்கிறது. முனைக்கு அது நல்ல காவல். ஆனால் 15 மீட்டர் தூரத்தில் தேய்ந்துபோன குறியை அந்த முலாம் மீட்டுத் தராது. விலையைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தோல் மெலிந்தால் மின்தடை கூடும். அலைவெண் நான்கு மடங்கானால் தோலின் கனம் பாதி, தடை இரு மடங்கு. கம்பியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கும் தன் பங்குக்கு அலையை உறிஞ்சுகிறது, அந்த இழப்பு அலைவெண்ணோடு நேராகவே ஏறும். பெட்டியிலிருந்து புறப்படும் குறியின் உயரம் சுமார் அரை வோல்ட். மெல்லிய கம்பி கொண்ட 15 மீட்டர் கேபிளில் 4கே வேகத்துக்கு அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். மாமா வீட்டில் ஏழெட்டு வருஷம் 1080பி புரொஜெக்டருக்குக் கச்சிதமாக உழைத்த அதே கேபிள், 4கே புரொஜெக்டரை மாட்டிய மாதமே தடுமாற ஆரம்பித்ததன் ரகசியம் இதுதான். கேபிள் புதிதாகக் கெட்டுப்போகவில்லை. அதன் தலையில் நான்கு மடங்கு சுமை ஏறிவிட்டது.

உயரம் குறைவதைக்கூடச் சமாளிக்கலாம். பெருக்கிக்கொண்டால் போயிற்று. குறிகள் கரைந்து ஒன்றின்மேல் ஒன்று வழிவதுதான் பெரிய தொல்லை. ஒரு குறிக்குள் பல அலைவெண்கள் கலந்திருக்கின்றன. கூர்மையான விளிம்பைத் தருபவை உயர்ந்த அலைவெண்கள். கேபிள் அவற்றைத்தான் முதலில் தின்கிறது. விளிம்பு மழுங்கி, வால் நீண்டு, அடுத்த குறியின் இடத்தில் போய் விழும். வரிசையாகப் பல பூஜ்யங்கள் வந்து நடுவே ஒரே ஒரு ஒன்று வந்தால், அது தலைதூக்குவதற்குள் அதன் நேரம் முடிந்துவிடும். பொறியாளர்கள் இதைப் பார்க்க அழகான வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். அலைகாட்டியில் லட்சக்கணக்கான குறிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வரைவார்கள். மேலே ஒன்றுகளின் கோடு, கீழே பூஜ்யங்களின் கோடு, இரு பக்கமும் சாய்ந்து குறுக்கே வெட்டும் விளிம்புகள், நடுவே வெற்றிடம். பார்க்கக் கண் மாதிரியே இருக்கும். பெயரும் கண் வரைபடம். நல்ல கேபிளில் கண் அகலத் திறந்திருக்கும். நீளம் கூடக்கூட இமை இறங்கும். கண் மூடிவிட்டால் ஒன்று எது பூஜ்யம் எது என்று புரொஜெக்டரால் சொல்லமுடியாது. ஸ்தபதி சிலையை முழுக்கச் செதுக்கிவிட்டுக் கடைசியில் கண் திறப்பார். அந்தக் கண்ணுக்குப் பிறகு எனக்கு மிகவும் பிடித்த கண் இது.

நீளமான கம்பியில் குறி கரையும் என்பதை உலகம் கற்றுக்கொண்டது 1858இல். அந்த ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலடியில் முதல் தந்திக் கம்பி போட்டார்கள். விக்டோரியா ராணி அனுப்பிய 98 சொற்கள் போய்ச் சேர 16 மணி நேரம் பிடித்தது. கம்பியைப் பார்த்துக்கொண்ட வைல்ட்மன் வைட்ஹவுஸ், சத்தமாகக் கத்தினால் கேட்கும் என்று நம்பியவர் போல 2,000 வோல்ட் அளவுக்கு ஏற்றிப் பார்த்தார். ஏற்கெனவே பழுதுபட்டிருந்த கம்பி சில வாரங்களில் செத்துப்போனது. வில்லியம் தாம்சன், பிற்காலத்துக் கெல்வின் பிரபு, அதற்கு முன்பே கணக்கைப் போட்டு வைத்திருந்தார். கம்பியின் நீளம் இரண்டு மடங்கானால் குறி கரையும் அளவு நான்கு மடங்காகும் என்பது அவர் கண்ட விதி. பலத்தைக் கூட்டுவதில் பயனில்லை, நுண்மையாகக் கேட்கும் கருவி வேண்டும் என்றார். இன்றைய புரொஜெக்டருக்குள் இருக்கும் சமன்செய்யும் சில்லு அவர் சொன்ன வழியில்தான் போகிறது. கேபிள் எந்த அலைவெண்களைத் தின்றதோ அவற்றை மட்டும் தூக்கிக் கண்ணை மறுபடி திறக்கப் பார்க்கிறது. ஓரளவுக்குத் திறக்கவும் செய்கிறது.

இதில் ஒரு கொடுமை உண்டு. 1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியபின் காஞ்சிபுரத்து மாடிகளில் உயர உயரமான ஆன்டெனாக்கள் முளைத்தன. சென்னை எழுபது எண்பது கிலோமீட்டர் தள்ளி. படம் மங்கினால் புள்ளி விழும், இன்னும் மங்கினால் பனி பெய்யும், ஆனாலும் பாட்டைக் கேட்டுக்கொண்டே நிழலுருவத்தைப் பார்த்துவிடலாம். யாராவது மாடிக்குப் போய்த் திருப்பினால் கொஞ்சம் தெளியும். டிஜிட்டலில் இந்தப் படிப்படியான சரிவு கிடையாது. கண் கொஞ்சமாவது திறந்திருக்கும்வரை படம் பழுதே இல்லாமல் வரும். இமை ஒரு மயிரிழை இறங்கினால் புள்ளிகள். இன்னும் ஒரு மயிரிழை இறங்கினால் ஒன்றுமே இல்லை. அதனால் ‘நேற்றுவரை நன்றாக இருந்ததே’ என்ற வாதம் இங்கே எடுபடாது. நேற்றும் விளிம்பில்தான் நின்றுகொண்டிருந்தது.

திரையில் மின்னிய வெள்ளைப் புள்ளிகள் தவறாகப் படிக்கப்பட்ட குறிகள். எச்டிஎம்ஐ 2.0 வரையிலான முறையில் ஒலிக்கும் துணைச் செய்திகளுக்கும் பிழை திருத்தும் குறிகள் உண்டு. படப்புள்ளிக்குக் கிடையாது. அதனால் பிழை முதலில் கண்ணில்தான் விழும். 2017இல் வந்த 2.1 முறையில் தாளம் போட்ட நான்காவது ஜோடியும் செய்தி சுமக்கிறது, படத்துக்கும் பிழை திருத்தம் வந்துவிட்டது. வேகமும் ஏறி, மொத்தம் விநாடிக்கு 48 கிகாபிட் வரை போகலாம். தாமிரக் கேபிளுக்கு அது இன்னும் கடினமான பரீட்சை.

இப்போது மெதுவான இழைகள். ஒன்றில் 5 வோல்ட் மின்சாரம், பெட்டியிலிருந்து திரைக்கு. இன்னொன்றில் ‘நான் இருக்கிறேன்’ என்று திரை பெட்டிக்குச் சொல்லும் பதில். இரண்டில் உரையாடல்: என்ன அளவுப் படம் காட்டமுடியும், எந்த ஒலி வகை தெரியும் என்ற தகவலைப் பெட்டி கேட்டு வாங்கிக்கொள்கிறது. இந்த உரையாடலின் வேகம் விநாடிக்கு ஒரு லட்சம் குறிகள்தான், வேக இழையில் அறுபதாயிரத்தில் ஒரு பங்கு. இதற்குத் தோல் விளைவெல்லாம் பொருட்டே இல்லை. ஆனால் நீளமான கம்பி மின்னேற்றத்தை நீளமான வாய்க்கால் மாதிரி தேக்கிவைக்கும். நிரம்பவும் வடியவும் நேரம் எடுக்கும். கேபிளுக்கு 700 பிகோஃபாரட் வரைதான் அனுமதி. மலிவான நீளக் கேபிள்கள் அதைத் தாண்டும்போது பேச்சு குழறுகிறது. திரை சொன்னது பெட்டிக்குப் புரியாமல், தாழ்ந்த தரத்தில் படம் அனுப்பும். சில சமயம் படமே அனுப்பாது. 4கேயின் உயர்ந்த வேகத்துக்கு மாறுகிறேன் என்ற அறிவிப்பும் இந்த வழியாகத்தான் போகிறது என்பதால், பேச்சு குழறினால் வேக இழைகள் சுத்தமாக இருந்தும் திரை கறுப்பாகவே நிற்கும்.

திருட்டுப் பிரதி எடுக்காமல் காக்கும் பூட்டும் இதே இழைகளில்தான் பேசுகிறது. பெட்டியும் திரையும் ரகசியச் சொல்லை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கின்றன. பழைய முறையில் 128 சட்டகத்துக்கு ஒருமுறை, அதாவது 60 சட்டக வேகத்தில் ஏறக்குறைய இரண்டு விநாடிக்கு ஒரு தடவை ஒப்பீடு. 4கே படங்களுக்கான புதிய முறையிலும், நடுவே இரண்டும் சேர்ந்து எண்ணிவரும் சட்டக எண்ணிக்கை தப்பிவிட்டால் முதலிலிருந்து மறுபடி கைகுலுக்கவேண்டும். திரை கறுத்து இரண்டு மூன்று விநாடியில் திரும்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பூட்டின்மேல் குற்றம் சொல்வதற்குமுன் கவனிக்கவேண்டியது: வேக இழையில் குறிகள் கொத்தாகத் தவறினாலும் எண்ணிக்கை தப்பும். கறுக்கும்முன் புள்ளிகள் மின்னினவா என்பது முக்கியமான சாட்சி. புள்ளியே இல்லாமல் ‘டக்’கென்று கறுத்தால் மெதுவான இழையைச் சந்தேகிக்கலாம். மெனுவிலிருந்து படத்துக்குப் போகும்போது மட்டும் ஒருமுறை கறுத்தால் அது கோளாறே இல்லை, பெட்டி சட்டக வேகத்தை மாற்றிக்கொள்கிறது.

மறுநாள் காலையில் நானும் மாமா மகனும் உட்கார்ந்தோம். முதலில் கூடத்துப் பெட்டியைத் தூக்கிவந்து புரொஜெக்டருக்குக் கீழே ஸ்டூலில் வைத்து 2 மீட்டர் கேபிளில் இணைத்தோம். ஒரு மணி நேரம், ஒரு புள்ளிகூட இல்லை. பெட்டியும் புரொஜெக்டரும் குற்றமற்றவர்கள். பெட்டியைத் திரும்ப ஷோகேஸுக்குக் கொண்டுபோய் நீளக் கேபிளை மாட்டி, படத்தை 1080பிக்கு இறக்கினோம். இன்னொரு மணி நேரம், அப்போதும் சுத்தம். இந்தச் சோதனை நிறையச் சொல்லிவிட்டது. 15 மீட்டர் தாண்டிப் பேச்சு நடக்கிறது, பூட்டு நிற்கிறது, 5 வோல்ட் வந்து சேர்கிறது. மெதுவான இழைகள்மேல் இருந்த சந்தேகம் பெரும்பாலும் நீங்கிற்று. பிறகு 4கே, 60 சட்டகம். ஏழாவது நிமிடம் வெள்ளைப் புள்ளி, ஒன்பதாவது நிமிடம் கறுப்பு.

மாமா மகன் அந்தப் பெட்டியை வாங்கியதிலிருந்து 60 சட்டகத்திலேயே வைத்திருந்தான். தமிழ்ப் படம் எடுக்கப்படுவதோ விநாடிக்கு 24 சட்டகத்தில். மிச்சச் சட்டகங்கள் அச்சு அசலான மறுபதிப்புகள். அவற்றையும் அந்தத் தள்ளாடும் கேபிள் சுமந்துகொண்டிருந்தது. பெட்டியின் அமைப்பில் ‘படத்தின் சட்டக வேகத்துக்கு மாறு’ என்ற இடத்தைத் தட்டினோம். ஒவ்வொரு ஜோடியின் சுமையும் 594 கோடியிலிருந்து 297 கோடிக்கு இறங்கியது. நிறத்தை 4:2:2 என்ற வகையில் அனுப்பினால் 12 பிட் ஆழம்வரை இதே சுமைக்குள் அடங்கும். படத்தின் தரம் கண்ணுக்குத் தெரியக் குறையாது. காசே செலவில்லாத இந்த மருந்தைத்தான் நான் யாருக்கும் முதலில் சொல்வேன். படம் ஓடியது. முக்கால் மணி நேரம் தாண்டியதும் மாமாவே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்போது சமையல்கட்டில் அத்தை சட்னிக்கு மிக்ஸியைப் போட்டார். திரை கறுத்தது. நிறுத்தினார், படம் வந்தது. மறுபடி போடச் சொன்னோம், மறுபடி கறுத்தது. மிக்ஸி மோட்டாரில் சுழலும் பாகத்தைக் கார்பன் தேய்ந்து தொடும் இடத்தில் இடைவிடாமல் சிறு பொறிகள் பறக்கும். ஒவ்வொரு பொறியும் அகன்ற அலைவெண்களில் இரைச்சல் கிளப்பும் குட்டி மின்னல். ஜோடிக் கம்பிகளில் குறி எதிரெதிராக ஓடுவதால் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும் இரைச்சலைக் கழித்துத் தள்ளிவிடலாம் என்பது எச்டிஎம்ஐயின் நல்ல ஏற்பாடு. ஜோடி சமமாக இருக்கும்வரை மட்டுமே அது பலிக்கும். தறி அறையை மாற்றியபோது சமையல்கட்டுக்குப் போகும் மின்கம்பிக் குழாயையும் எச்டிஎம்ஐ குழாயையும் ஒரே சுவர்க் காடியில் ஒட்டி ஓட்டியிருந்தார்கள். கண்ணில் மிச்சமிருந்த சிறு திறப்பையும் மிக்ஸி மூடிவிட்டது.

இனி வழி என்ன? 10, 15 மீட்டருக்கு முனையில் சில்லு வைத்த தாமிரக் கேபிள்கள் உண்டு. சில்லு தேய்ந்த அலைவெண்களைத் தூக்கிக் கொடுக்கும். லேன் கேபிள் ஏற்கெனவே சுவருக்குள் இருந்தால், அதன் வழியாகவே 100 மீட்டர் வரை படம் அனுப்பும் எச்டிபேஸ்-டி பெட்டிகள் உண்டு. நான் கண்ணாடி இழையைச் சொன்னேன். 2020 ஆகஸ்ட் 10இல் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடலடிக் கேபிள் பயன்பாட்டுக்கு வந்தது. அந்தமான் நிக்கோபார் தீவுகளை இணைக்கும் அதன் மொத்த நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். அந்த ரகக் கண்ணாடியில் ஒளி 15 கிலோமீட்டர் போனாலும் பாதி மிச்சமிருக்கும். வீட்டுக் கேபிளின் இழை அவ்வளவு உயர்ந்ததில்லை என்றாலும் 15 மீட்டரில் இழப்பது நூற்றில் ஒரு பங்கு அளவுக்கே. மிக்ஸிப் பொறியைக் கண்ணாடி கேட்காது.

இந்தக் கேபிளிலும் இழைக்கு இழை வேறுபாடு உண்டு. வேக இழைகள் நான்கும் கண்ணாடியாகும். முனைக்குள் நான்கு குட்டி லேசர்கள் அவற்றில் கண் சிமிட்டும். மெதுவான இழைகள் பெரும்பாலான கேபிள்களில் தாமிரமாகவே இருக்கும். ஆகவே மெதுவான இழையில் கோளாறு என்றால் இதை வாங்கியும் பயன் இல்லாமல் போகலாம். லேசருக்கான மின்சாரம் பெட்டி தரும் 5 வோல்ட்டிலிருந்து வருகிறது. பெட்டி தரக் கடமைப்பட்டது 55 மில்லி ஆம்பியர்தான். போதாவிட்டால் கேபிளின் பக்கவாட்டு யுஎஸ்பி வாலைச் சார்ஜரில் மாட்டவேண்டியிருக்கும். ஒரு முனை பெட்டிக்கு, மறுமுனை திரைக்கு என்று திசையும் உண்டு. வாங்கும்போது ‘2.1 கேபிள்’ என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை நம்பவேண்டாம். கேபிளுக்குப் பதிப்பு எண் கிடையாது. 18 கிகாபிட்டுக்குப் ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’, 48 கிகாபிட்டுக்கு ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’ என்ற சான்று ஒட்டி, செல்போனில் சரிபார்க்கும்படி இருக்கிறதா என்று பாருங்கள்.

கேபிள் வந்ததும் சுவருக்குள் இழுக்கவிடவில்லை. தரையிலேயே சுருளைப் பரப்பி, திசை பார்த்து மாட்டி, 60 சட்டகத்தில் இரண்டு முழுப் படம் ஓட்டினோம். இடையே அத்தை மூன்று தடவை மிக்ஸி போட்டார். திரை அசையவில்லை.

இழுக்கும் நாளன்று பழைய கேபிளின் முனையை வெட்டிவிட்டு அதையே கயிறாகப் பயன்படுத்தினோம். புது முனைக்கு உறை மாட்டி, பழையதோடு சேர்த்துக் கட்டும் வேலையை மாமா வாங்கிக்கொண்டார். தறியில் பாவு தீரும்போது புதுப் பாவின் இழைகளைப் பழைய பாவின் மிச்ச இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைத்து இழுப்பார்கள். அச்சிலும் விழுதிலும் மறுபடி கோர்க்கும் வேலை மிச்சமாகும். அந்தக் கையால் முடிச்சுப் போட்டார். கூடவே அடுத்த தடவைக்கென்று ஒரு நைலான் கயிறும். மாமா மகன் இழுத்தான். பத்தடி வந்து நின்றுவிட்டது. சுவரும் கூரையும் சேரும் இடத்தில் குழாய்க்குச் செங்கோணமான எல்போ போட்டிருந்தார்கள். எலெக்ட்ரீஷியன் பூச்சை உடைத்து, அகலமாக வளையும் பெண்டு ஒன்றைப் பொருத்திய பிறகு கேபிள் வழுக்கிக்கொண்டு வந்தது.

நீளத்தைத் தவிர இன்னொரு கணக்கும் உண்டு. ஜோடிக் கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி சீராக இருந்தால்தான் வழிநெடுக 100 ஓம் என்ற அளவு மாறாமல் நிற்கும். மாறுகிற இடத்தில் அலையின் ஒரு பகுதி எதிரொலி மாதிரித் திரும்பி, பின்னால் வரும் குறிகளில் மோதும். கண்ணில் இருந்த இடத்தின் பெரும்பகுதியை நீளம் எடுத்துக்கொண்டது. மிச்சத்தை எடுத்தது எது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

வெளியே வந்த பழைய கேபிளை மாமா மடியில் போட்டுக்கொண்டார். நூலில் கணுப் பார்ப்பதுபோலக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து மெல்ல உருவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. பிளேடு கேட்டார். தோலைக் கீறி வலையை ஒதுக்கினார். எல்போவின் மூலையில் வருஷக்கணக்காக மடங்கியிருந்த இடம். ஒரு கட்டின் அலுமினியத் தாள் கிழிந்து, உள்ளே இருந்த இரண்டு கம்பிகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் பிதுங்கியிருந்தன.

“இதாண்டா,” என்றார்.